நீங்கதானே சொன்னீங்க

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கெட்ட வார்த்தை பேசியதில்லை. பாரில் டேபிள் துடைக்கிற எங்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். அந்த மனிதர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருப்பார்கள். எனக்கு அவரை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு பாரில் சப்ளையராக இருந்தேன். உஸ்மான் ரோட்டு ஜவுளிக்கடைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். அதன் கீழ்த்தளத்தில் பகலிலும் விளக்கு எரிகிற ஒரு நீள அறை. அவர் ஒரு பெரிய பீர் கம்பெனியின் விற்பனை ஆள். தி. நகர், மயிலாப்பூர், அடையாறு மூன்றும் அவருடைய ஏரியா. வாரம் ஒரு மதியம் வருவார். டை கட்டியிருப்பார். அந்த வெயிலில் ஸ்கூட்டரில் வந்தாலும் காலர் கசங்கியிருக்காது. கைக்குட்டையை நாற்காலியில் விரித்து அதன்மேல்தான் உட்காருவார்.

அவரிடம் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஒன்று, "நீங்கதானே சொன்னீங்க." இரண்டு, "யோசிச்சுப் பாருங்க." இரண்டையும் சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லும்போது நம் தோளில் கையை வைப்பார். கனமில்லாத கை.

முதல் தடவை எனக்கு அது நடந்தது ஒரு தட்டு மிளகு சிக்கனில். "இன்னைக்கு என்ன நல்லா இருக்கும்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "மிளகு சிக்கன் நல்லா இருக்கும்ல?" என்றார். "ஆமா சார்." "காரம் ரொம்ப இருக்காதே?" "இருக்காது சார்." சாப்பிட்டார். காரம். முதலாளி அந்தப் பக்கம் வந்தபோது என்னைக் காட்டி, "இவர்தான் மிளகு சிக்கன் சாப்பிடுங்க, காரமே இருக்காதுன்னு வற்புறுத்தினார். பரவாயில்ல, விடுங்க, நல்ல பையன்" என்றார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. நான் யாரையும் எதற்கும் வற்புறுத்திப் பழக்கமில்லாதவன். வீட்டிலேயே இன்னொரு கை சோறு கேட்கத் தயங்குகிற ஆள். முதலாளி என்னை முறைத்துவிட்டுப் போனார். இவர் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

எங்கள் முதலாளியையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதலாளி வாயைத் திறந்தால் தெருமுனைப் பூக்கடைக்குக் கேட்கும். அவரிடம் போய், "போன வாரம் நீங்கதானே சொன்னீங்க, கல்யாண சீசன், பத்து கேஸ் கூடுதலா இறக்கிடுன்னு?" என்பார். "நான் எப்பய்யா சொன்னேன்?" "போன்ல மச்சான்கூடப் பேசிட்டு இருந்தீங்க. நான் இங்கதான் நின்னேன். யோசிச்சுப் பாருங்க." முதலாளி தலையைச் சொறிவார். போன் பேசியது ஞாபகம் இருக்கும். மச்சானும் ஞாபகம் இருக்கும். இடையில் பத்து கேஸை அவர் நுழைத்துவிடுவார். சாயங்காலம் லாரி வந்து நிற்கும்.

ஒரு நாள் லாட்ஜ் வாசலில் அவர் ஸ்கூட்டரைத் திடீரென்று குறுக்கே திருப்பினார். பின்னால் வந்த ஆட்டோ சடன் பிரேக் போட்டு, பிளாட்பாரத்தில் ஏறி, முன்விளக்கை உடைத்துக்கொண்டது. ஆட்டோக்காரர் இறங்கிய வேகத்தைப் பார்த்து இன்றைக்கு இவருக்கு இருக்கிறது என்று நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

"இன்னா சார், கண்ணு தெர்ல? குறுக்கால உட்டுக்கினு நிக்கிற! லைட்டு பூட்ச்சு பாரு!"

"கோபப்படாதீங்க. நீங்க எப்படி வந்துட்டு இருந்தீங்க?"

"நேராதான் வந்துக்கினு இருந்தேன்."

"நேரா வந்தவர் ஏன் பிரேக் போட்டீங்க?"

"நீ குறுக்க வன்ட்ட, போட்டேன்."

"அப்ப என்னைப் பார்த்தீங்க."

"பாக்காம? பாத்தேன்."

"பார்த்துட்டும் வந்தீங்க. நான் சொல்லல, நீங்கதானே சொல்றீங்க. யோசிச்சுப் பாருங்க." தோளில் கை.

ஆட்டோக்காரர் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். "இன்னா நைனா, இவுரு லாயரா?" என்று என்னிடம் கேட்டார். பிறகு உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டே, "சரி உடு சார், எம்மேலயும் கீது" என்றார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு உள்ளே போய் அவருக்கே சோடா உடைத்துக் கொடுத்தோம்.

எங்களில் மூத்தவர் ஏகாம்பரம் அண்ணன். ராயப்பேட்டைக்காரர். அந்த பார் தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே வேலை. அவருடைய சம்சாரத்துக்கு ஒரு சமயம் வயிற்றில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. பெட் இல்லை என்று வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். விஷயம் தெரிந்து இவர் டையோடு அங்கே போனார். நானும் அண்ணனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வார்டில் இருந்த ஆளிடம் நேராகப் போய், "காலையில பதினோரு மணிக்கு மேல ஒரு பெட் காலியாகும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். அவரை அந்த ஆள் அதற்குமுன் பார்த்ததே கிடையாது. இருந்தும், "ஆமா சார், டிஸ்சார்ஜ் ஒண்ணு இருக்குது, இருங்க" என்றான். கொஞ்ச நேரத்தில் பெட் கிடைத்துவிட்டது. அண்ணி பிழைத்தாள். அதன் பிறகு இவர் பாருக்குள் நுழைந்தால் அண்ணன் தன் தோள் துண்டாலேயே மேஜையைத் துடைப்பார்.

இதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் நல்லது செய்த ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான். அதையும் அதே வித்தையால்தான் செய்தார்.

அந்தக் கம்பெனி புதிதாக ஒரு பீர் கொண்டுவந்தது. 'ஏல்' என்று சொன்னார்கள். வழக்கமான பீர் போல மஞ்சளாக இல்லாமல் டீ டிகாக்‌ஷன் நிறம். ஊர் முழுக்க லாரி லாரியாக பீர் அனுப்புகிற கம்பெனி, இதை மட்டும் சின்ன அண்டாவில் கைப்பக்குவமாகக் காய்ச்சியதாகச் சொல்லிக்கொண்டது. பாட்டிலில் பழைய காலத்துப் படம், சணல் கயிறு கட்டிய கழுத்து. சுற்றுவட்டாரத்து ஒயின் ஷாப், பார் முதலாளிகளைக் கூப்பிட்டு ருசி பார்க்க வைக்கும் விருந்துக்கு எங்கள் பாரைப் பிடித்தார்கள். அதற்கு முந்தின வாரம் அவர் ஒரு பாட்டில் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார்.

அவரே ஊற்றினார். கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, அடியில் ஒரு விரல்கடை விட்டுவிட்டார். ஏகாம்பரம் அண்ணன் பாட்டிலைத் தூக்கி விளக்கில் பார்த்தார். "அடியில இன்னாமோ மாவாட்டம் கீது சார்" என்றார்.

"அது அப்படித்தான். ஒண்ணுமில்ல."

நான் குடித்துப் பார்த்தேன். முதலில் நல்ல கசப்பு. கசப்பு போன பிறகு ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசனை தொண்டையில் நின்றது. எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லலாம் என்று வார்த்தையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

"வெல்லம் கருகின மாதிரி ஒரு மணம் வருதுல்ல?" என்றார் அவர்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். விருந்து அன்று வந்தவர்களிடமெல்லாம், "இவர்தான் முதல்ல கண்டுபிடிச்சார், வெல்ல வாசனைன்னு" என்று என்னைக் காட்டினார். ஆரஞ்சுத் தோல் எனக்குள்ளேயே கிடந்தது.

இந்த இடத்தில் எங்கள் பாரின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பீர் கெடாமல் இருக்க கிளிசரின் கலக்கிறார்கள், அது உடம்புக்குச் சூடு என்று அப்போது குடிக்கிறவர்களிடம் ஒரு பேச்சு இருந்தது. அதனால் மூடியைத் திறந்ததும் கட்டைவிரலால் வாயை மூடி, பாட்டிலைத் தண்ணீர் நிறைந்த ஜக்கில் தலைகீழாக நிறுத்தி விரலை எடுப்போம். எண்ணெய் போல ஒரு இழை தண்ணீரில் இறங்கும். அதுதான் கிளிசரின் என்று நம்பினோம். கொஞ்ச நேரம் விட்டு எடுத்துத் துடைத்துக் கொண்டுபோவோம். எல்லோருக்கும் செய்ய மாட்டோம். வேண்டியவர்களுக்கு, பெரிய மனிதர்களுக்கு, அவர்கள் கேட்காமலே செய்வது மரியாதை. ஏகாம்பரம் அண்ணன் அதில் கெட்டிக்காரர். ஒரு சொட்டு பீர் வீணாகாது. இதெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் நடப்பதால், டேபிளில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

விருந்து ஒரு சனிக்கிழமை மதியம். துணி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கீழே நின்று, இடது பக்கம் ஏத்து, வலது பக்கம் இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் போனார். அடியில் படிந்திருந்த மாவைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு அதே கவலை. மற்ற பீரில் கிளிசரின் கண்ணுக்குத் தெரியாது, இதில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறதே என்று காலையிலிருந்து என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், பெரிய ஆளுங்க எல்லாம் வராங்கோ. கிளிசரின் எடுத்துட்டே குடுத்துடவா?"

அவருக்குக் கிளிசரின் எடுப்பது என்றால் என்னவென்று தெரியாது. தெரியாது என்பது அந்த ஒரு நொடியில் அவர் முகத்தில் இருந்தது. நான் இரண்டடி தள்ளி டிரே துடைத்துக்கொண்டு நின்றேன், பார்த்தேன். ஆனால் தெரியாது என்று அவர் யாரிடம் சொல்லியிருக்கிறார்? பேனரைப் பார்த்தபடியே, "எல்லாம் எடுத்துடுங்க. நீங்க வழக்கமா எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

அண்ணன் சந்தோஷமாக உள்ளே போனார். அத்தனை பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாக நிறுத்தி எடுத்தார். அடியில் மெதுவாகப் படிந்திருந்தது எல்லாம் மேலும் கீழும் போய்க் கலந்தது. ஜக்குத் தண்ணீரும் உள்ளே ஏறியது.

நான்தான் கொண்டுபோய் வைத்தேன். தேனாம்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒயின் ஷாப்காரர் கிளாஸை விளக்குக்கு எதிரே பிடித்தார். "இன்னாபா இது, கூவத்துல மொண்டியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "கைப்பக்குவம்னாங்களே, கை கழுவின தண்ணியா?" என்றார். சிரிப்பு மேஜை மேஜையாகப் போனது. வெளியூரிலிருந்து வந்திருந்த கம்பெனியின் பெரிய அதிகாரி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடிக்கவில்லை. எழுந்து நேராகக் கவுன்டருக்குப் பின்னால் போனார். அங்கே ஏகாம்பரம் அண்ணன் கடைசி இரண்டு பாட்டிலை ஜக்கில் நிறுத்தி, கைக்கொரு குழந்தையைப் பிடித்தது போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி அறையில் எங்களை நிற்க வைத்தார்கள். பெரிய அதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இந்த பீரை அசைக்கக்கூடாது, சாய்ச்சு ஊத்தி அடியில படிஞ்சதை விட்டுடணும். அது ஈஸ்ட். இதை இவங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

சொல்லித் தர வேண்டியவர் அண்ணன் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தம்தான் இருந்தது. கோபம் இல்லை. "ஏகாம்பரம், ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அண்ணன் ஈரக்கையைத் தோள் துண்டில் துடைத்தார். நான்தான் சொன்னேன். "சார், நீங்கதான் எல்லாம் எடுத்துடுங்கன்னு சொன்னீங்க. நான் பக்கத்துல நின்னேன்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் வந்தார். தோளில் கை.

"நீங்க அப்ப என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

"டிரே துடைச்சிட்டு இருந்தேன் சார்."

"துடைக்கும்போது எதைப் பார்ப்பீங்க, டிரேயையா என்னையா?"

"டிரேயைத்தான் சார், ஆனா..."

"அதான். பாவம், இவர் டிரேயைப் பார்த்துட்டு இருந்திருக்கார்." முதலாளி சிரித்தேவிட்டார். டிரேயைப் பார்த்தால் காது கேட்காமல் போய்விடுமா என்று எனக்கு மறுநாள் காலையில் பல் துலக்கும்போது தோன்றியது. அந்த அறையில் தோன்றவில்லை.

பிறகு அண்ணனிடம் குனிந்து, ஆஸ்பத்திரி வார்டில் பேசிய அதே குரலில் கேட்டார். "யோசிச்சுப் பாருங்க, ஏகாம்பரம். கிளிசரின்கிற பேச்சை முதல்ல எடுத்தது யாரு? நானா, நீங்களா?"

"நான்தான் சார்."

"அவ்வளவுதான். நான் எதுவும் சொல்லல. நீங்கதானே சொல்றீங்க."

அன்றைக்கு சாயங்காலமே அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இவர்தான் வாசல் வரை கூட வந்தார். "மனசுல எதுவும் வச்சுக்காதீங்க" என்றார். அண்ணன் அவரைக் கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். அந்தக் கும்பிடை நினைத்தால்தான் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அடுத்த வாரமும் அவர் வந்தார். கைக்குட்டையை விரித்தார். நான் அவர் டேபிளுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் போகவில்லை. கொஞ்ச மாதத்தில் அவருக்குப் பெரிய பதவி கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்த டீ நிற பீரும் கடைகளில் காணாமல் போனது. நல்ல பீர் அது.

ஏகாம்பரம் அண்ணனுக்கு அந்த வயதில் வேறு பாரில் வேலை கிடைக்கவில்லை. ஒவ்வொரு முதலாளியும் விருந்துக் கதையைக் கேட்டிருந்தார். கடைசியில் வேளச்சேரியில் புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். நீலச் சட்டையில் கேட் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணி சௌக்கியம் என்றார். பேச்சு தானாக அங்கே போனது.

"என் தப்பு தம்பி அது" என்றார். "அவுரு வாணான்னாரு. நான்தான் கேக்கல."

"யாருண்ணா வாணான்னாரு?"

"சாருதான். பேனராண்ட நின்னுக்கினு இருந்தாரே. நான் கேட்டேன், எடுத்துடவான்னு. வாணாம்னு தலைய இப்புடி ஆட்னாரு." தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினார். "எனக்கு கண்ணுலயே நிக்கிது. நான்தான் சரியா பாக்காம பூட்டேன்."

"அவர் ஆட்டலண்ணா. எல்லாம் எடுத்துடுங்கன்னு வாயால சொன்னாரு. நான் கேட்டேன்."

"இல்லப்பா. ரொம்ப நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். ஆட்னாரு."

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. "ஆட்டல! ஆட்டல! அந்த ஆள் ஆட்டவே இல்ல!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன் பேசியதில்லை. நாய் குரைத்தது. இரண்டாவது மாடியில் ஒருவர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"வாட்ச்மேன்! அங்க யாருய்யா கத்துறது?"

ஏகாம்பரம் அண்ணன் ஸ்டூலிலிருந்து அவசரமாக எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"நான்தான் சார்" என்றார்.